பின்னால் வரும் பாரம்

அம்மா விதித்த நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். ஹூப்ளி வீட்டை விற்கலாம். புனேவுக்கு வரலாம். ஏழாவது மாடியில் குடியிருக்கலாம், லிப்டில் ஏறி இறங்கலாம். ஆனால் ஷெட்டில் நிற்கும் பத்மினியும் கூடவே வர வேண்டும். "அதைப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுட்டு வான்னு சொன்னா, நான் வரலைடா. நீ மட்டும் போ."

மகன் புனேயில் ஒரு வங்கியில் அதிகாரி. கணக்குப் பார்க்கத் தெரிந்தவர். 1982இல் வாங்கிய பிரீமியர் பத்மினி இன்று என்ன விலை போகும், அதை 430 கி.மீ. தள்ளி இருக்கும் புனேவுக்குக் கொண்டுபோக என்ன செலவாகும் என்று ஒரு தாளை எடுத்து எழுதியே பார்த்தார். எப்படிக் கூட்டினாலும் நஷ்டம்தான் வந்தது.

ஆனால் அது அப்பாவின் வண்டி. ஹூப்ளி ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஃபோர்மேனாக இருந்தவர், பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்து வாங்கிய வண்டி. கிரீம் நிறம். ஸ்டீயரிங் தண்டிலேயே கியர். முன்னால் நீள பெஞ்சு சீட்டு, அதில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவே உட்கார இரண்டு பிள்ளைகளுக்கும் நடந்த சண்டைகள் தனிக்கதை. 2022இல் அப்பா இறப்பதற்குச் சில வாரங்கள் முன்பு என்ஜினைக் கழற்றி ரீபோர் செய்யக் கொடுத்திருந்தார். வேலை முடிந்தது. வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. ஊரின் பெயர் 2014லேயே ஹுப்பள்ளி என்று மாறிவிட்டாலும் அந்த மெக்கானிக்கின் பெயர்ப் பலகை மாறவில்லை. அதன் அடியில் சாக்குப் போட்டு மூடிய என்ஜின் ஒரு வருடத்துக்கு மேலாகக் கிடந்தது.

ஓட்டிக்கொண்டு போக முடியாது. லாரியில் ஏற்றலாம் என்றால், கேட்ட வாடகை வண்டியின் விலையை நெருங்கியது. அதோடு தேதியும் லாரிக்காரருடையது. அப்போதுதான் பள்ளித் தோழர் ஒருவர் நினைவுக்கு வந்தார். ஹூப்ளியில் ஒர்க்ஷாப் வைத்திருப்பவர்; கோவை கரி ஸ்பீட்வேக்கும் சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்கும் தன் ரேஸ் காரை டிரெய்லரில் ஏற்றிச் செல்பவர். வங்கி அதிகாரியிடம் டீசல் எஸ்.யு.வி. ஒன்று இருந்தது. தோழரிடம் டிரெய்லர். 2023 டிசம்பரில் ஒரு சனிக்கிழமை விடியற்காலை கிளம்புவதென்று முடிவாயிற்று.

இந்தியாவில் காரின் பின்னால் இன்னொரு வண்டியைக் கட்டி இழுப்பவர்கள் குறைவு. டிராக்டருக்குப் பின்னால் டிரெய்லரைப் பார்த்தே பழகிய நாடு இது. எனவே "இழுக்குமா?" என்று முதலில் கேட்பதும், "என்ஜின் பெரியது, இழுக்கும்" என்று அதற்குப் பதில் சொல்லிக்கொள்வதும் இயல்புதான். வங்கி அதிகாரியும் அதையே கேட்டார். தோழருக்குச் சிரிப்பு வந்தது. எருமையும்தான் இழுக்கும். நிற்குமா என்று கேள்.

அவர் போட்டுக் காட்டிய கணக்கு இது. எஸ்.யு.வி. சுமார் 2 டன். ஆட்களும் பெட்டிகளுமாக இன்னொரு 300 கிலோ. காலி டிரெய்லர் 600 கிலோ. பத்மினி சுமார் 900 கிலோ. மொத்தத்தில் தினமும் ஓட்டும் வண்டியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு எடை. அதே பிரேக், அதே நான்கு டயர். அமெரிக்காவில் நடுத்தர எஸ்.யு.வி.க்கள் பலவற்றுக்கும் தயாரிப்பாளர்கள் தரும் இழுவை வரம்பு 3,500 முதல் 5,000 பவுண்டு வரை, அதாவது ஏறத்தாழ 1,600 முதல் 2,250 கிலோ. டிரெய்லரும் அதன்மேல் இருப்பதும் சேர்ந்துதான் இந்த எடை என்பதைப் பலரும் மறந்துவிடுவார்கள். இன்றைய செடான் ஒன்றை இரும்பு டிரெய்லரில் ஏற்றினால் பல நடுத்தர வண்டிகள் வரம்பை எட்டிவிடும். பத்மினி இலகுவான வண்டி என்பதால்தான் தோழர் சம்மதித்தார். வேறு காராக இருந்தால் லாரியைப் பார் என்று சொல்லியிருப்பார்.

இழுவைக் கொக்கியை அவரே பொருத்தினார். பம்பரில் அல்ல, வண்டியின் அடிச்சட்டத்தில், நான்கு போல்ட் போட்டு. அதன் முனையில் 50 மி.மீ. இரும்பு உருண்டை. டிரெய்லரின் மூக்கு அந்த உருண்டையின் மேல் கவிழ்ந்து பூட்டிக்கொள்ளும். பூட்டிய பிறகு மூக்கைத் தூக்கிப் பார்க்க வேண்டும்: எஸ்.யு.வி.யின் பின்பக்கமும் சேர்ந்து எழும்பினால் பூட்டு விழுந்திருக்கிறது. அடியில் இரண்டு சங்கிலிகள், ஒன்றின் மேல் ஒன்று குறுக்காக. உருண்டையிலிருந்து மூக்கு கழன்றாலும் அது தரையில் குத்தாமல் சங்கிலிகள் தொட்டில் மாதிரி தாங்கிக்கொள்ளும். அதற்கும் மேல் ஒரு மெல்லிய கம்பி. எல்லாமே அறுந்துபோகும் நிலை வந்தால் கடைசியாக அது டிரெய்லரின் கைப்பிரேக்கை இழுத்துவிட்டு அறுபடும். விளக்குகளுக்குத் தனி வயர். டிரெய்லரின் பின்னால் எஸ்.யு.வி.யின் எண்ணை எழுதி மாட்டினார். 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 61ஆவது பிரிவு அதைக் கேட்கிறது. டிரெய்லருக்கென்று தனிப் பதிவும் வேண்டும் என்கிறது. தெருவில் போகும் டிரெய்லர்களில் எத்தனை இதைப் பின்பற்றுகின்றன என்பது வேறு விஷயம்.

டிரெய்லரின் பிரேக்கில் ஒரு தந்திரம் இருந்தது. எஸ்.யு.வி. வேகத்தைக் குறைக்கும்போது பின்னால் வரும் டிரெய்லர் அதை முட்டும். மூக்கில் இருக்கும் ஒரு தண்டு உள்ளே அழுந்தும். அழுந்தினால் டிரெய்லரின் சொந்த பிரேக் பிடிக்கும். ஓவர்ரன் பிரேக் என்று பெயர். ஒட்டுகிறவர் எதுவும் செய்ய வேண்டாம். எளிமையான ஏற்பாடு. ஆனால் அதன் குணம் இறக்கத்தில்தான் தெரியும் என்று தோழர் சொன்னார். அன்று மாலைக்குள் அதுவும் தெரிந்தது.

இவ்வளவையும் பார்த்துப் பார்த்துச் செய்த தோழர், கிளம்பும் நாள் காலையில் இல்லை. ஒரு கல்யாணத்துக்காக பெல்காம் போயிருந்தார். கவலை வேண்டாம், டிரெய்லரின் தளத்தில் சிவப்புப் பெயின்டால் ஒரு கோடு இருக்கிறது, காரின் முன் சக்கரம் அந்தக் கோட்டில் நிற்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அவருடைய ரேஸ் கார் எப்போதும் அந்தக் கோட்டில்தான் நிற்கும். பையன்கள் நான்கு பேர் பத்மினியை வின்ச் போட்டு இழுத்து ஏற்றினார்கள். முன் சக்கரம் கோட்டின் மேல் துல்லியமாக நின்றது. நான்கு மூலைக்கும் ராட்செட் பெல்ட் போட்டு இறுக்கினார்கள். பிறகு மெக்கானிக் கடையிலிருந்து என்ஜின் வந்தது. எங்கே வைப்பது? எஸ்.யு.வி.யில் அம்மாவின் பெட்டிகள், மாவு அரைக்கும் கிரைண்டர், சாமி படங்கள். பத்மினியின் டிக்கி காலியாக இருந்தது. பழைய மெத்தை ஒன்றை விரித்து என்ஜினை அதில் இறக்கினார்கள். அப்பாவின் ஸ்பானர் பெட்டியும் பக்கத்திலேயே போயிற்று.

கோடு சரியாகத்தான் இருந்தது, முன்னால் என்ஜின் உள்ள காருக்கு.

ஐந்தரை மணிக்குக் கிளம்பினார்கள். முன் சீட்டில் மனைவி, பின்னால் அம்மா. தார்வார் பைபாஸ் முடிந்ததும் நிறுத்தி பெல்ட்டுகளைப் பார்த்தார். தோழர் சொன்னபடியே தளர்ந்திருந்தன. குலுங்கிக் குலுங்கி காரின் ஸ்பிரிங் உட்கார்ந்துகொள்ளும்போது பெல்ட் தொங்கிவிடும். முதல் 20, 30 கி.மீ.யில் ஒருமுறை இறுக்கினால்தான் அது கட்டு. இறுக்கினார். டயர்களைத் தட்டிப் பார்த்தார். எல்லாம் சரி. பிறகு நான்கு வழிச் சாலை விரிந்தது. வண்டி சுகமாக ஓடியது. உண்மையில் பின்னால் டிரெய்லர் வருவதே தெரியவில்லை. அவருக்கு அது நல்ல அறிகுறியாகத் தோன்றியது.

60க்கு மேல் போகாதே என்பது தோழரின் கட்டளை. கித்தூர் நெருங்கும்போது முள் 75இல் இருந்தது. யாரும் வேண்டுமென்று வேகம் கூட்டுவதில்லை. நல்ல சாலையில் அது தானாகவே ஏறிக்கொள்கிறது.

வலப்பக்கம் ஒரு சொகுசுப் பேருந்து கடந்தது. அது தள்ளிய காற்று டிரெய்லரின் பின்பக்கத்தை ஒரு சாண் அளவுக்கு இடதுபுறம் ஒதுக்கியிருக்கும், அவ்வளவுதான். டிரெய்லர் திரும்பி வந்தது. வந்த இடத்தில் நிற்காமல் வலதுபுறம் போயிற்று. மறுபடி இடதுபுறம். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதலாக. எஸ்.யு.வி.யின் பின்பக்கத்தை யாரோ பிடித்து உலுக்குவது போலிருந்தது. அவர் எல்லோரும் செய்வதைச் செய்தார்: இடப்பக்கம் இழுத்தபோது வலப்பக்கம் ஒடித்தார். அவர் ஒடிப்பதற்குள் டிரெய்லர் மறுபக்கம் போய்விட்டிருந்தது. ஒடித்தது அதற்கு உதவியாகவே முடிந்தது. கண்ணாடியில் பத்மினியின் முகம் ஒருமுறை இடது கண்ணாடியிலும் ஒருமுறை வலது கண்ணாடியிலும் தெரிந்து மறைந்தது. மனைவி டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டார். பின்னால் கிரைண்டர் எதிலோ மோதியது.

பிரேக்கின் மேல் கால் போனது. போன காலை அவர் எப்படித் திரும்ப எடுத்தார் என்பது அவருக்கே இன்றும் தெளிவில்லை. வாலாட்டம் வந்தால் பிரேக்கைத் தொடாதே, வேகமும் கூட்டாதே, ஆக்சிலேட்டரை விடு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு சும்மா இரு - முந்தின இரவு டீக்கடையில் தோழர் சொன்னபோது அது சுலபமாகத்தான் கேட்டது. நான்கு டன் இரும்பு நெடுஞ்சாலையில் புரளும்போது சும்மா இருப்பதுபோல் கடினமான வேலை வேறில்லை. இருந்தார். 70. 65. ஆட்டம் மேலும் ஒருமுறை பெரிதாக வந்தது. 55இல் தணிந்தது. 40இல் எதுவுமே நடக்காத மாதிரி டிரெய்லர் பின்னால் வந்துகொண்டிருந்தது.

ஓரமாக நிறுத்தி, விளக்கைச் சிமிட்ட விட்டு, எல்லோரும் இறங்கினார்கள். பெல்ட் இறுக்கமாக இருந்தது. டயரில் காற்று இருந்தது. சங்கிலி, பூட்டு, கம்பி எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. தோழருக்கு போன் போட்டால் கல்யாண மேளத்தில் எடுக்கவில்லை. காற்றினால்தான் என்று முடிவுசெய்து, மெதுவாகவே போய்விடலாம் என்று மகன் சொல்லிக்கொண்டிருந்தபோது அம்மா டிரெய்லரைச் சுற்றி வந்து நின்றார்.

"என்ஜினை எங்கேடா வச்சீங்க?"

"டிக்கியிலம்மா."

"பின்பாரமா ஏத்தியிருக்கீங்க. அதான் ஆடுது."

அவர் பிறந்தது மணப்பாறைப் பக்கத்துக் கிராமம். அவருடைய அப்பாவிடம் பார வண்டி ஒன்று இருந்தது. மூட்டைகளை ஏற்றி முடித்ததும் மாட்டைப் பூட்டுவதற்கு முன் நுகத்தடியை ஒரு கையால் தூக்கிப் பார்ப்பாராம். தூக்கவே முடியாவிட்டால் முன்பாரம். மாட்டின் கழுத்து புண்ணாகிவிடும். லேசாக எழும்பிவிட்டால் பின்பாரம். மேட்டில் ஏறும்போது நுகத்தடி மாட்டின் தொண்டையை நெரிக்கும். இரண்டுமில்லாமல் கைக்குக் கொஞ்சம் கனமாக இருக்க வேண்டும். "அத்தை சொல்றதைச் செஞ்சுதான் பாருங்களேன்" என்றார் மனைவி.

டிரெய்லரின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் கொடுத்து, பூட்டை விடுவித்து, மகன் குனிந்து மூக்கைத் தூக்கினார். ஒன்றரை டன் சுமையின் மூக்கு ஒரு கையில் எழும்பியது.

டிரெய்லர் உலகில் இதற்கு மூக்கு எடை என்று பெயர். கொக்கி உருண்டையின் மேல் டிரெய்லர் எவ்வளவு அழுத்துகிறது என்பதன் அளவு. அமெரிக்கக் கையேடுகள் மொத்த டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை மூக்கில் இருக்க வேண்டும் என்கின்றன. பிரிட்டனில் 5 முதல் 7 சதவீதம் போதும் என்பார்கள். அங்கே டிரெய்லர்கள் வேறு மாதிரி, வேகமும் குறைவு. இதைவிடக் குறைந்தால் டிரெய்லர் பெண்டுலம் ஆகிவிடும். குறைந்த வேகத்தில் ஆட்டம் தானே அடங்கும். ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் அடங்குவதற்குப் பதிலாக ஒவ்வொரு வீச்சும் அடுத்ததை வளர்க்கும். மிதமிஞ்சிக் கூடினாலும் ஆபத்துதான்: எஸ்.யு.வி.யின் பின்பக்கம் தாழ்ந்து, முன் சக்கரங்கள் பிடிப்பை இழந்து, ஸ்டீயரிங் பேச்சைக் கேட்காது. மாட்டின் கழுத்துப் புண்ணுக்கு இணையானது அது.

இந்தப் பகுதியில் ஒரு சௌகரியம் உண்டு. கரும்பு விளையும் பூமி என்பதால் எடைமேடைக்குப் பஞ்சமில்லை. 30 கி.மீ. வேகத்தில் உருட்டிக்கொண்டே போய் ஒன்றைப் பிடித்தார்கள். கரும்பு டிராக்டர்களுக்கு நடுவே வரிசையில் நின்ற எஸ்.யு.வி.யையும் அதன் முதுகில் சவாரி செய்த பத்மினியையும் பார்த்து எடைமேடைக்காரர் வெளியே வந்துவிட்டார். விஷயத்தைக் கன்னடத்தில் கேட்டுக்கொண்டதும் அவருக்கே உற்சாகம். முதலில் டிரெய்லரைத் தனியாகக் கழற்றி நிறுத்தி எடை போட்டார்கள்: 1,560 கிலோ. பிறகு எஸ்.யு.வி.யில் பூட்டி, டிரெய்லரின் சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்கும்படி நிறுத்தினார்கள்: 1,540. மிச்சம் 20 கிலோதான் மூக்கில். லாரிக்கான மேடை ஐந்து பத்து கிலோவைப் பொருட்படுத்தாது என்றாலும் விஷயம் விளங்கிவிட்டது. 150க்கு மேல் இருக்க வேண்டிய இடத்தில் 20.

கரும்பு டிராக்டர்காரர்கள் நான்கு பேர் கேட்காமலேயே வந்து கைகொடுத்தார்கள். டிக்கியிலிருந்து என்ஜின் இறங்கி, டிரெய்லர் தளத்தின் முன் முனைக்குப் போய், மெத்தையோடு சேர்த்துக் கட்டப்பட்டது. பத்மினியின் பெல்ட்டுகளைத் தளர்த்தி, வின்ச்சில் ஒரு சாண் முன்னால் இழுத்து, சிவப்புக் கோட்டைத் தாண்டி நிறுத்தி மறுபடி இறுக்கினார்கள். திரும்பவும் மேடை: 1,400. மூக்கில் 160. அம்மா தானும் ஒருமுறை தூக்கிப் பார்த்தார், எழும்பவில்லை. "இப்போ சரி" என்று சொல்லி டிராக்டர்காரர்களுக்கு முறுக்கு டப்பாவைத் திறந்தார்.

அந்த டிராக்டர்காரர்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இந்தியாவில் டிரெய்லர் இழுக்கும் அனுபவம் மொத்தமும் அவர்களிடம்தான் இருக்கிறது. நவம்பர் முதல் மார்ச் வரை பெல்காமிலும் கோலாப்பூரிலும் சாங்லியிலும் ஒவ்வொருவரும் இரண்டு டிரெய்லர்களைக் கோத்து, பாட்டை அலறவிட்டுக்கொண்டு, வயலிலிருந்து ஆலைக்கு இரவு பகலாக இழுக்கிறார்கள். ஒரு டிரெய்லரை பின்னோக்கி எடுக்கவே திணறுகிறவர்கள் இரண்டைக் கோத்து ஆலை வாசலில் திருப்பும் இந்த இளைஞர்களைப் போய்ப் பார்க்க வேண்டும். ஆனால் பல டிரெய்லர்களுக்குப் பிரேக் கிடையாது, பின்னால் விளக்கு கிடையாது, பிரதிபலிக்கும் ஸ்டிக்கர்கூடச் சேற்றில் மறைந்திருக்கும். இருட்டில் அவற்றின் பின்னால் போய் மோதுகிறவர்களைப் பற்றிய செய்தி ஒவ்வொரு சீசனிலும் வருகிறது. திறமைக்கும் பத்திரத்துக்கும் சம்பந்தம் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை போலும்.

பெல்காமைத் தாண்டும்போது மணி பதினொன்று ஆகியிருந்தது. இப்போது டிரெய்லரின் மூக்கு கொஞ்சம் கனத்திருந்தது. கனமாக இருப்பதே நல்லது என்று அவருக்கு இப்போது தெரியும். பேருந்துகள் கடந்தன. டிரெய்லர் லேசாக அசைந்து அப்படியே நின்றது. அவர் 60ஐத் தாண்டவில்லை. முன்னால் போகும் வண்டிக்கும் தனக்கும் இடையே வழக்கத்தைப் போல இரண்டு பங்கு இடம் விட்டார். அந்த இடத்தில் உடனுக்குடன் ஒரு கார் வந்து நுழைந்துகொண்டது. மறுபடி விட்டார். மறுபடி நுழைந்தார்கள். நம் நெடுஞ்சாலைகளில் இடைவெளி விடுபவன் ஏமாளி என்று ஒரு எண்ணம் இருக்கிறது.

நிப்பாணிக்கு அருகே தவண்டி மலைப்பாதை. இங்கேதான் ஓவர்ரன் பிரேக்கின் குணம் வெளிப்பட்டது. சமதளத்தில் நல்ல சேவகன். இறக்கத்தில் டிரெய்லர் எஸ்.யு.வி.யை ஓயாமல் முட்டிக்கொண்டே வருவதால் அதன் பிரேக்கும் ஓயாமல் தேய்ந்துகொண்டே வரும். தேய்ந்தால் சூடு. சூடு ஏறிய பிரேக் பிடிப்பை இழக்கும். அதற்கு மருந்து எஸ்.யு.வி.யின் கியர்தான். இறக்கம் தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும்; இறங்கிக்கொண்டிருக்கும்போது குறைக்கலாம் என்று நினைத்தால் தாமதமாகிவிடும். என்ஜின் உறுமிக்கொண்டே பிடித்துக்கொள்ளட்டும். பிரேக்கை மேலேயே கால் வைத்துக்கொண்டிராமல், தேவைப்படும்போது அழுத்தமாக ஒருமுறை பிடித்து, விட்டுவிட வேண்டும். அந்த இடைவெளியில்தான் அது ஆறும். அவர் மூன்றாவது கியரில் ஆரம்பித்து இரண்டாவதில் முடித்தார். பின்னால் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தன. கீழே நிறுத்தி, டிரெய்லர் சக்கரத்தின் மையத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தார். சூடுதான், ஆனால் வைத்திருக்க முடிந்தது.

காகலிலிருந்து சாத்தாரா வரை சாலையை ஆறு வழியாக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. டைவர்ஷனுக்கு மேல் டைவர்ஷன். திரும்பும்போது டிரெய்லர் முன்னால் போகும் வண்டியின் தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும்; எனவே அகலமாகப் போய்த் திரும்ப வேண்டும். இதை ஒரு சிமென்ட் தடுப்பில் டிரெய்லரின் மட்கார்டைக் கொஞ்சம் கொடுத்துக் கற்றுக்கொண்டார். ஒரு சுங்கச்சாவடியில் மொத்தம் எத்தனை அச்சு என்பதில் விவாதம். கராடில் சாப்பாடு. கம்பாட்கி சுரங்கத்தைக் கடந்ததும், விபத்துக்குப் பேர்போன அந்த எஸ் வளைவில் 30இல் ஊர்ந்து இறங்கினார்கள்.

மிச்சமிருந்தது நவலே பாலம்.

புனேவாசிகளுக்கு அந்தப் பெயரைச் சொன்னால் போதும். பெங்களூர் பக்கமிருந்து வருகிறவர்கள் காத்ரஜ் புதிய சுரங்கத்தை விட்டு வெளியே வந்ததும் நகரத்தின் விளக்குகள் கீழே விரிந்து கிடக்கும். அங்கிருந்து நவலே பாலம் வரை சில கி.மீ. தூரம் ஒரே இறக்கம். பல மணி நேரம் ஓட்டி வந்த லாரி டிரைவர்களில் சிலர் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் போட்டு வண்டியை உருள விடுவார்கள். கியர் பிடிக்காத லாரியை பிரேக் மட்டுமே பிடிக்க வேண்டும். பாலத்தருகே வேகம் குறைத்து நிற்கும் கூட்டம். 2022 நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு அங்கே ஒரே லாரி இருபதுக்கும் மேற்பட்ட வண்டிகளை மோதித் தள்ளியது. அதற்கு முன்பும் பின்பும் நடந்தவை ஏராளம்.

தினமும் போய்வரும் சாலை அவருக்கு. மோதும் லாரியின் இடத்தில் தானும் இருக்கக்கூடும் என்று அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை. தன் முதுகில் ஒன்றரை டன். நகரத்தின் முழுக் கூட்டமும் கீழே. மாலை ஏழு மணி, இருட்டிவிட்டது. சுரங்கத்துக்குள்ளேயே கியரைக் குறைத்து, இடது ஓரத்தைப் பிடித்து, விளக்கைச் சிமிட்ட விட்டு இரண்டாவது கியரில் இறங்கத் தொடங்கினார். வேகம் 30. பைக்குகளும் கார்களும் வசவுகளோடு கடந்தன. கண்ணாடியில் ஒரு கன்டெய்னர் லாரியின் விளக்குகள் பெரிதாகிக்கொண்டே வந்தன. என்ஜின் சத்தத்தைக் கொண்டு அது கியரில் வருகிறதா உருண்டு வருகிறதா என்று கண்டுபிடிக்க முயன்றார். அருகில் வந்ததும் அதன் பிரேக் காற்று சீறுவது கேட்டது. விலகி, கடந்து போயிற்று. அதன் அலையில் டிரெய்லர் ஒருமுறை அசைந்தது. மூக்கிலிருந்த 160 கிலோ அதைப் பிடித்து நிறுத்தியது.

"லாரிக்காரன் போயிட்டானா?" என்று அம்மா கேட்டார். தூங்குகிறார் என்று நினைத்திருந்தார்கள்.

"போயிட்டான்மா."

"நீ மெதுவாவே போ."

குடியிருப்பின் வாசலை அடைந்தபோது ஏழே முக்கால். கேட்டிலிருந்து பார்க்கிங் வரை டிரெய்லரை பின்னோக்கித்தான் கொண்டுபோக வேண்டும். ஸ்டீயரிங்கின் அடியில் கையை வைத்துக்கொள், டிரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்து என்று தோழர் சொல்லிக்கொடுத்திருந்தார். மூன்று முறை முயன்றார். மூன்று முறையும் டிரெய்லர் கத்தி மாதிரி மடங்கியது. அதற்குள் குடியிருப்பில் பாதிப்பேர் வேடிக்கை பார்க்க வந்துவிட்டதால், கழற்றி கையால் தள்ளிவிடுவதென்று முடிவாயிற்று. ஆட்கள் தயார்.

வாட்ச்மேனுக்கு வேறு பிரச்சினை. ரிஜிஸ்டரில் வண்டி எண் எழுத வேண்டும். எஸ்.யு.வி.யின் எண் அவருக்குத் தெரிந்ததுதான். டிரெய்லரின் பின்னாலும் அதே எண் இருந்தது. டிரெய்லருக்கென்று கர்நாடக எண் ஒன்று தனியாக இருந்தது. மேலே நின்ற பத்மினியில் பழைய மூன்றெழுத்து எண். இதில் எது உள்ளே வருகிற வண்டி?

அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். ரயில்வே காலனியில் கற்ற ஹிந்தியில், மேலே கையைக் காட்டி, அதை எழுது என்றார். வாட்ச்மேன் எட்டிப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். வந்த நேரம் 7.45. திரும்பிப் போகும் நேரம் என்றொரு கட்டம் இருந்தது. அதையும் கேட்டார். அம்மா அதற்குள், என்ஜினைக் கட்டியிருந்த கயிற்றை யார் அவிழ்ப்பது என்று பார்க்கப் போய்விட்டிருந்தார்.